முதல் வரிசைத் தொண்டை

ஒசாகாவில் எங்கள் கசுமிதானி வங்கியில் இனோகுமாவுக்கு இருந்த ஒரே சொத்து அவருடைய தொண்டைதான். கசுமிதானி குழுமத்துக் கம்பெனிகள் எல்லாவற்றிலும் வங்கிக்குப் பங்கு உண்டு. வங்கியில் அவற்றுக்கும் பங்கு உண்டு. பெண் கொடுத்துப் பெண் எடுத்த சம்பந்திகள் மாதிரி. இந்தச் சொகுசில் ஜூன் மாதப் பங்குதாரர் கூட்டம் ஒன்றுதான் தொல்லை. வெளியாள் எவனாவது கேள்வி கேட்டுத் தொலைப்பான். அதற்காகவே ஒவ்வொரு கம்பெனிக் கூட்டத்திலும் இனோகுமாவை முதல் வரிசையில் உட்கார வைப்போம். தலைவர் வாசித்து முடிப்பதற்குள் "ஆட்சேபனை இல்லை!" என்று முழங்குவார். பின்னால் நாங்கள் கைதட்டுவோம். அப்புறம் எல்லோருமாகக் கசுமிதானி பீர் குடிப்போம். வேறு பீரைத் தொட்டவன் துரோகி.

வயதானவர்களை வங்கி குழுமத்துக் கம்பெனிகளுக்குத் தள்ளிவிடுவது வழக்கம். இனோகுமாவுக்கு நூற்பாலையில் இயக்குநர் நாற்காலி என்று மேலதிகாரி மொரிகாகி வாக்குக் கொடுத்திருந்தார். மனுஷர் புதுக் கோட்டே தைத்துவிட்டார். நூற்பாலையின் கூட்ட அழைப்பு வந்தபோது, இயக்குநராக மொரிகாகியின் மச்சான் பெயர் இருந்தது.

கூட்டத்துக்குப் போகும் ரயிலில் இனோகுமா என்னிடம் பொரிந்தார்.

"வீட்டுல என்ன சொன்னா தெரியுமா? 'ஏங்க, எதிர்த்துப் பேசத்தான் துப்பில்ல, வாயை மூடிக்கிட்டாவது இருங்க'ன்னா. இன்னிக்கு நான் வாயே திறக்கப் போறதில்ல. கத்த ஆளில்லாம முழிக்கட்டும்!"

"அப்படிப் போடுங்க, இனோகுமா சான்!" என்றேன்.

தலைவர் மச்சானின் பெயரை வாசித்துவிட்டு நிமிர்ந்தார். சத்தமே இல்லை. மொரிகாகியின் முகம் வெளுத்தது. எனக்கு உள்ளுக்குள் குதூகலம்.

கடைசி வரிசையில் யாரோ ஒரு பெரியவர், வெளியாள், மெதுவாக எழுந்தார்.

"ஒரு சந்தேகங்க. இவருக்கு நூலைப் பத்தி என்ன தெரியும்னு போடறீங்க? இதைவிடத் தகுதியான ஆளே உங்ககிட்ட இல்லையா?"

"ஆட்சேபனை இல்லை!"

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அப்படி ஒரு குரலை இனோகுமாவிடம்கூட நான் கேட்டதில்லை. கைதட்டலில் பேச்சு அமுங்கிப்போக, பெரியவர் உட்கார்ந்தார்.

வெளியே வந்ததும் கேட்டேன். "ஏன் இனோகுமா சான், அவர் கேட்டது உங்களுக்குச் சாதகமாத்தானே?"

"அந்தாள் யாரு கேக்க?" இனோகுமா சீறினார். "இது நம்ம வீட்டு விஷயம்!"