வடிகானுக்குள் இன்னொரு வயர்

போர்நிறுத்தம் கடதாசியில் மட்டும் மிச்சமிருந்த காலம் அது. நான் திருகோணமலையில் கம்ப்யூட்டர் திருத்தும் வேலை செய்துகொண்டிருந்தேன். பாலையூற்றிலிருந்து சைக்கிளில் வருவேன். சிப்பாய்கள் மறிக்கும் இடங்களிலெல்லாம் தோள்பையைத் திறந்து காட்ட வேண்டும். வயர் அறுந்திருக்கிறதா என்று பார்க்கும் சின்னப் பெட்டி ஒன்று அதற்குள் இருந்தது. பொத்தானை அமத்தினால் பச்சை வெளிச்சங்கள் வரிசையாக மினுங்கும். அதைக் கண்டதும் சோதிக்கிற பெண்ணின் முகம் மாறிவிடும். என் அரைகுறைச் சிங்களத்தில் விளக்கி முடிப்பதற்குள் எனக்கு வியர்த்துவிடும்.

துறைமுகத்துக்குப் போகும் வீதிக்குப் பின்னால் ஒரு ஒழுங்கையில் அந்தக் கடை இருந்தது. படகுகளுக்கான கயிறு, பெயின்ற், எஞ்சின் சாமான்கள் விற்றார்கள். முதலாளி மூதூரைச் சேர்ந்த முஸ்லிம், ஐம்பதைத் தாண்டியவர். என்னை மகள் என்றுதான் கூப்பிடுவார். சேர்வர் கடைக்குள் இருந்தது. ஒழுங்கைக்கு அந்தப் பக்கம் சற்றுத் தள்ளி இருந்த ஸ்டோரில் ஒரு கம்ப்யூட்டர். ஸ்டோருக்குப் பொறுப்பாக இருந்த அக்கா அதில்தான் சாமான் வரவும் போக்கும் பதிவார். இரண்டையும் இணைக்கும் வயரை இழுத்தவள் நான். தலைக்கு மேலே கட்டினால் சிப்பாய்கள் அறுத்துவிடுவார்கள். அதனால் பிளாஸ்டிக் குழாய்க்குள் விட்டு, கல் மூடிய, மழைத்தண்ணி ஓடும் வடிகானின் ஓரமாகக் கொண்டுபோயிருந்தேன்.

ஒருநாள் காலையில் வரச்சொல்லி அழைத்தார்கள்.

“நேற்றுப் பின்னேரம் வரைக்கும் ஒரு பிரச்சினையும் இல்லை. காலமை போட்டனான், சேர்வரைக் காணேல்லை எண்டு நிக்குது,” என்றார் அக்கா.

“நீங்கள் ஏதும் மாத்தினீங்களோ?”

“நான் ஒண்டையும் தொடேல்லை.”

ஸ்டோர்க் கம்ப்யூட்டரின் முகவரி எண்ணைப் பார்த்தேன், சரியாக இருந்தது. அங்கிருந்து சேர்வரைக் கூப்பிட்டேன், பதில் வரவில்லை. கடைக்குப் போய் வயரை வேறு துளையில் மாற்றிக் குத்தினேன். அப்போதும் வெளிச்சம் பற்றவில்லை. பிறகு ஸ்டோர்க் கம்ப்யூட்டரைக் கழற்றி, கடைக்குள் கொண்டுவந்து ஒரு குட்டை வயரில் சேர்வரோடு இணைத்தேன். உடனே எல்லாம் திறந்தது. ஆக, பிழை வழியில்தான். சின்னப் பெட்டியின் ஒரு பாதியை இந்த முனையிலும் மறுபாதியை ஸ்டோரிலும் மாட்டினேன். எட்டு வெளிச்சங்களில் மூன்று எரியவே இல்லை.

“எலி கடிச்சிருக்கும் முதலாளி. கல்லைத் தூக்கிப் பார்க்க வேணும்,” என்றேன்.

அவரே கல் நெம்பும் அலவாங்கு எடுத்து வந்தார். முதல் இரண்டு கல்லின் கீழும் குழாய் நான் வைத்தபடியே கிடந்தது. மூன்றாவதைக் கிளப்பியபோது குழாய் பிளந்திருந்தது. எலிப் பல்லின் அடையாளம் இல்லை. இரும்பால் கொத்துப்பட்ட வெட்டு. பக்கத்தில் மண் ஈரமாகக் கிளறிக் கிடந்தது. குனிந்து கையால் மண்ணை விலக்கினேன். என் வயரின் பக்கத்தில் இன்னொரு வயர் ஓடியது. இரண்டு கம்பிகளை முறுக்கிய, மெல்லிய, கறுப்பு வயர். புதிது. ஒரு பக்கம் அது கடைக்குப் பின்னாலிருந்த இடிந்த வீட்டை நோக்கிப் போனது. மற்றப் பக்கம் சந்தியை நோக்கி. சந்தியில் சிப்பாய்களின் காவலரண். அதற்கு முன்னால் பஸ் நிற்கும் இடம்.

என் விரல் அதில் பட்டுக்கொண்டிருந்தது. எடுக்க வேண்டும் என்று தெரிந்தும் எடுக்க முடியவில்லை.

முதலாளி சந்தியை ஒருமுறை பார்த்தார். “எழும்புங்க மகள். ஒண்டும் காணாத மாதிரி உள்ளுக்கு வாங்க,” என்றார். கல்லை மெதுவாக, சத்தம் வராமல் திரும்ப வைத்தார்.

ஸ்டோருக்குள் மூன்று பேரும் நின்றோம். கண்ணிவெடிக்கு இழுத்த வயர் என்று சொன்னதும் அக்கா கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

“நாங்கள் காணேல்லை. பூட்டிப்போட்டுப் போவம் முதலாளி,” என்றார். “சொன்னா ஆமிக்காரர் எங்களைத்தான் பிடிப்பாங்கள். சொன்னது தெரிஞ்சா இயக்கப் பெடியள் விடமாட்டாங்கள்.”

“பள்ளிக்கூடம் விட்டா பஸ் நிக்கிற இடத்தில எத்தின புள்ளையள் நிக்கிது,” என்றார் முதலாளி. தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார், திரும்பப் போட்டார். “ரெண்டு பேரும் வீட்ட போங்க. நீங்க ஒண்டையும் காணல்ல. தண்ணி ஓடல்ல எண்டு நான்தான் கல்லைத் தூக்கினேன். அவ்வளவுதான் கதை.”

“தனிய ஏலாது முதலாளி,” என்றேன்.

“மகள், பையை மறக்காம எடுத்துட்டுப் போங்க.”

வெளியே போக அந்தச் சந்தி ஒன்றுதான் வழி. காவலரணில் இருந்த பெண் வழக்கம்போல என் பையைத் திறந்தாள். அந்தப் பெட்டியை எடுத்து அமத்தினாள். வெளிச்சங்கள் ஓடின. இவ்வளவு நேரத்தோடு எங்கே திரும்புகிறாய் என்று கேட்டாள். தலையிடி என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, தன்னிடமிருந்த பனடோல் மாத்திரை ஒன்றை நீட்டினாள். அவளுடைய சப்பாத்திலிருந்து இரண்டு எட்டுத் தூரத்தில் வடிகானின் கடைசிக் கல் கிடந்தது. குளிசையை வாங்கிக்கொண்டு சைக்கிளைத் தள்ளினேன்.

மத்தியானம் வீட்டில் இருந்தபோது பெரிய சத்தம் கேட்டது. யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அம்மா என்னைப் பிடித்துக் கட்டிலுக்குக் கீழே தள்ளினார். வீதியை மறித்து, ஆட்களை விலக்கி, சிப்பாய்களே வெடிக்கவைத்த சத்தம் அது என்று பின்னேரம் தெரிந்தது. ஒருவருக்கும் காயமில்லை. முதலாளியை விசாரணைக்குக் கொண்டுபோனார்களாம்.

இரண்டு நாள் கழித்து, மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் எங்கள் கேற்றடியில் நின்றார்கள். இயக்கப் பெடியள் என்று பார்த்ததும் விளங்கியது. மரியாதையாகவே கதைத்தார்கள்.

“நீங்கள்தானே கம்ப்யூட்டர் திருத்திறனீங்கள்? அண்டைக்கு அந்தக் கடைக்குப் போனனீங்களோ?”

“இல்லை. எனக்குச் சுகமில்லை,” என்றேன்.

“வயரை ஆர் கண்டது எண்டு தெரியுமோ?”

“தெரியாது.”

ஒருவன் எங்கள் வீட்டை, கிணற்றடியை, கொடியில் காய்ந்த உடுப்புகளை ஆறுதலாக, ஒவ்வொன்றாகப் பார்த்தான். “சரி, தேவையெண்டா வருவம்,” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு அவர்கள் வரவில்லை. ஆனால் கேற்றடியில் எந்த மோட்டார் சைக்கிள் மெதுவாகினாலும் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் நிற்பார்.

அடுத்த வாரம் முதலாளி திரும்பி வந்தார். சேர்வரைக் கழற்றித் தரும்படி சொல்லியனுப்பியிருந்தார். போனபோது கடை பாதி காலியாக இருந்தது. இடது பக்கம் நின்று கதைத்தால் இப்போது அவருக்குக் கேட்கவில்லை. நான் வலது பக்கம் வந்து நின்றேன்.

“புத்தளத்தில மச்சான் இருக்கிறான், அங்கதான் போறேன்,” என்றார். “இங்க ரெண்டு பக்கமும் என்ட பேரு தெரிஞ்சு போச்சு.”

அக்கா வரவில்லை. அவர் அந்த நாளுக்குப் பிறகு ஸ்டோர்ப் பக்கமே போகவில்லை.

வயர்களைச் சுருட்டி, சேர்வரைப் பழைய சாறன் துணி ஒன்றால் சுற்றிப் பெட்டியில் வைத்தேன். லொறியில் கடைசியாக அதை ஏற்றினார்கள். நான் சைக்கிளோடு பின்னால் போனேன். சந்தியில், அதே காவலரணில் லொறியை மறித்தார்கள். எல்லாப் பெட்டியையும் இறக்கச் சொன்னார்கள். முதலாளி தானே இறங்கி ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்தார். சேர்வரின் மூடியைக் கழற்றச் சொன்னபோது அவர் என்னைத் தேடித் திரும்பினார். நான் போய்த் திருப்புளியால் கழற்றிக் காட்டினேன். ஒரு சிப்பாய் துவக்கு முனையால் உள்ளே இருந்த வயர்களை விலக்கிப் பார்த்தான். வெயில் ஏறும்வரை வைத்திருந்துவிட்டுப் போகச் சொன்னார்கள்.