வெறும் வயிற்றில் எடுத்த ரத்தம்

1999 ஜூன் 14, திங்கட்கிழமை. காலை ஏழே கால் மணிக்கு, பீளமேட்டில் பம்ப்செட் பட்டறை வைத்திருந்த சுந்தரராஜுலு இரண்டாம் முறையாக ரத்தம் கொடுக்கக் கையை நீட்டினார். புதன்கிழமை எடுத்ததை லேப் ராமாமணி நம்பவில்லை.

"ஏனுங்க, இன்னைக்காச்சும் வெறும் வயிறுங்களா? அன்னைக்கு நெய் தோசை தின்னுபோட்டு வந்து என்னைய ஏமாத்தப் பாத்தீங்க."

"பச்சத்தண்ணி மட்டுந்தானுங்க அம்மணி."

தண்ணீரோடு இறங்கிய இரண்டு காப்ஸ்யூல்களைச் சொல்லவில்லை. அவருக்கு எச்.ஐ.வி. இருப்பது மனைவி பத்மாவதிக்கும் சென்னை டாக்டருக்கும், அமெரிக்காவிலிருந்து மருந்து அனுப்பும் மைத்துனருக்கும் மட்டுமே தெரியும். பத்மாவதிக்கு அந்த நோய் இல்லை. படுக்கையில் கிடந்தவரைப் பதினான்கு மாதமாகப் பட்டறைக்கு நடக்க வைத்தது அந்த மருந்துதான். ஆனால் அதே மருந்தால் கன்னம் ஒட்டிப்போய், வயிறு மட்டும் முன்னே தள்ளிக்கொண்டு வந்தது.

ராமாமணி ரத்தம் பிடித்த கண்ணாடிக்குழாயை இயந்திரத்தில் சுழலவிட்டு எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். மேலே தெளிந்து நிற்க வேண்டிய நீர் பாலாக வெளுத்திருந்தது. இம்முறை அவள் கேலி பேசவில்லை.

பதினொரு மணிக்கு அவர் டாக்டர் லட்சுமிநாராயணன் எதிரே உட்கார்ந்திருந்தார். மகள் ஹர்ஷிணிக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளையின் தாய்மாமன் அவர். பெண் பார்க்க வந்த அன்று சுந்தரராஜுலு வயிற்றைப் பிடித்துக்கொண்டதைக் கவனித்து, அவர்தான் ரத்தம் பார்க்கச் சொன்னார். மறுத்தால் சந்தேகம் வரும். நிச்சயதார்த்தத்துக்கு இன்னும் பத்தே நாள்.

"கொழுப்பு 338. ட்ரைகிளிசரைடு 1140. அது நூத்தம்பதுக்குள்ள இருக்கோணும் சம்பந்தி. இப்படியே உட்டா கணையம் வெந்துபோயிரும். இந்த மாத்திரைய இன்னைக்கே ஆரம்பிச்சுருங்க. வேற ஏதாச்சும் மருந்து சாப்புடறீங்களா?"

"சத்து மாத்திரைங்க."

டாக்டர் எழுதிய சீட்டை நீட்டினார். சிம்வாஸ்டாடின். போன மாதம் சென்னை டாக்டர் போனில் எழுத்துக்கூட்டிச் சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்ன பெயர். அந்தக் காப்ஸ்யூலோடு இது சேர்ந்தால் தசை கரைந்து சிறுநீரகம் அடைத்துக்கொள்ளும் என்றும் சொல்லியிருந்தார்.

சீட்டை வாங்கி மடித்து, சாப்பிடாமல் இருந்துவிடலாம். ஆனால் 1140 அப்படியே இருக்கும். அடுத்த வாரம் இவரே வீட்டுக்கு வந்து கேட்பார்.

சுந்தரராஜுலு எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். "சத்து மாத்திரை இல்லீங்க. எச்.ஐ.வி.க்குச் சாப்புடறேன். எம் பொண்ணுக்கு ஒண்ணுமில்லீங்க. அவளுக்கு இது தெரியவும் தெரியாது."

டாக்டர் சீட்டைத் திருப்பி வாங்கி, நான்காகக் கிழித்தார். துண்டுகளைக் குப்பைக்கூடையில் போடப் போனவர் நிறுத்தி, சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"மெட்ராஸ் டாக்டர் நம்பரச் சொல்லுங்க. எது ஒத்துக்கும்னு அவருகிட்டக் கேட்டுத்தான் எழுதோணும்."

சுந்தரராஜுலு ஒவ்வோர் எண்ணாகச் சொன்னார். டாக்டர் குறித்துக்கொண்டார். கதவைச் சாத்தியதிலிருந்து அவர் வாயில் சம்பந்தி என்ற சொல் வரவில்லை. சுந்தரராஜுலு அதையேதான் கவனித்துக்கொண்டிருந்தார்.

ரிசீவரைக் கையில் எடுத்த டாக்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"நிச்சயத்தன்னைக்கு எம் பக்கத்துலயே உக்காந்து சாப்புடுங்க. நெய்ப்பக்கம் கை போச்சுன்னா தட்டிப்போடுவேன், சம்பந்தி."