பெயர் எழுதாத துண்டு

நாற்பத்தாறு வயதில், வீட்டில் பொய் சொல்லிவிட்டு, நான்கு இரவுகள் தொடர்ந்து ஒரே இசைக்குழுவைப் பார்க்கப் போனேன். சாமான் எடுக்கப் போகிறேன் என்றேன். சைக்கிள் சாமான் விற்கிறவன் சிலாபத்தில் இரவிரவாக என்ன சாமான் எடுப்பான் என்று மனைவி கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

என் கடை மதுரங்குளியில், பள்ளிவாசலுக்குச் சொந்தமான கட்டடத்தில் இருக்கிறது. கூரைக்கு மேலேதான் பாங்கு சொல்லும் ஒலிபெருக்கி. நிர்வாகத் தலைவரான ஹாஜியார் நல்ல மனிதர். ஆனால் பாட்டு, கார்னிவல் என்றால் முகம் கறுத்துவிடும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து அறிவித்தல்கள் வாசிக்கும்போது அதற்கென்று இரண்டு வார்த்தை வைத்திருப்பார். கடையை எனக்கு விட்டுவைப்பதும் வேறு யாருக்காவது கொடுப்பதும் அவர் கையில்.

அந்தச் சிங்கள இசைக்குழுவின் பைத்தியம் எனக்குத் தனியாகப் பிடித்ததல்ல. பாடசாலையில் ஒரே வாங்கில் இருந்த கூட்டாளிதான் பிடிக்கவைத்தான். பதினாறு வயதிலிருந்து, அவர்கள் சிலாபம் பக்கம் வரும்போதெல்லாம் இருவரும் களவாகப் போவோம். எங்கள் பக்கத்து மேடைகளில் ஒரு வழக்கம் உண்டு. விரும்பிய பாட்டையும், அது யாருக்காக என்ற பெயரையும் ஊரையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி அறிவிப்பாளரிடம் கொடுக்க வேண்டும். அவர் பெயரை வாசிப்பார், குழு அந்தப் பாட்டைப் பாடும். கூட்டாளி ஒவ்வொரு முறையும் அழகான சிங்களத்தில் தன் பெயரையும் வாப்பாவின் பெயரையும் எழுதிக் கொடுப்பான். ஒருமுறையாவது வாசித்தார்களா? இல்லை.

பிறகு அவன் பாலாவியில் உப்பு மூட்டை ஏற்றப் போனான். மூட்டை முதுகை முறித்தது போதாதென்று இரண்டு சிறுநீரகமும் பழுதாகிவிட்டன. சென்ற வருடம் குழு நான்கு நாட்களுக்கு வருகிறது என்று கேள்விப்பட்டபோது அவனால் கட்டிலைவிட்டு எழும்ப முடியவில்லை. இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று டொக்டர் அவன் மனைவியிடம் சொல்லியிருந்தார். அது அவனுக்கும் தெரியும்.

"மச்சான், நீ போ. என்ட துண்டைக் குடு. அந்த ஸ்பீக்கர் பொக்ஸ்ல என்ட பேர் ஒருக்காச் சரி கேக்கணும்," என்றான். துண்டை அவனே எழுதித் தந்தான். எழுத்து நடுங்கியிருந்தது.

முதல் இரவு, துண்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மேடைக்குக் கிட்டே போனேன். குழுவுக்கும் வயதாகிவிட்டது. தோள்வரை முடி வைத்திருந்த பாடகனுக்கு இப்போது தொப்பிதான் துணை. ஆனால் கிட்டார் ஒலித்ததும் என் நெஞ்சு பழையபடி அடித்துக்கொண்டது. அப்போதுதான் பார்த்தேன், கொத்து ரொட்டிக் கடைக்கு முன்னால் ஹாஜியாரின் மருமகன். அவனும் களவாகத்தான் வந்திருப்பான். அந்த நேரத்தில் அது என் மண்டையில் ஏறவில்லை. கூட்டாளியின் பெயர் ஊரில் வேறு யாருக்கும் இல்லாத பெயர். அதை மேடையில் சொன்னால், கொண்டுவந்து கொடுத்தவன் நான்தான் என்று பச்சைப் பிள்ளைக்கும் விளங்கும். துண்டு பையிலேயே இருந்தது. வாசிக்கவில்லை என்று அவனுக்குப் போனில் கோல் எடுத்துச் சொன்னேன்.

இரண்டாம் இரவும் அதேதான். மருமகன் இல்லை, ஆனால் எங்கள் ஊர் ஓட்டோக்காரர் இருவர் நின்றார்கள். திரும்பவும் அவனுக்குக் கோல் எடுத்தேன்.

"இண்டைக்கும் வாசிக்கல்லயா?"

"சனம் கூட மச்சான். துண்டு மலையாக் குவிஞ்சி கிடக்கு."

"சரி, இன்னும் ரெண்டு நாள் இருக்குதானே," என்றான். யாருடைய நாட்களை எண்ணுகிறான் என்று நினைத்தபோது எனக்கு என்மேல் வெறுப்பாக இருந்தது.

மூன்றாம் இரவு ஒரு கெட்டித்தனம் செய்தேன். பஸ்ஸிலேயே அதே பாட்டுக்குப் புதிய துண்டொன்று எழுதினேன்: 'நோயுற்றிருக்கும் ஒரு நண்பனுக்காக.' பெயரில்லை, ஊரில்லை. அறிவிப்பாளர் அதை உடனே வாசித்தார். முப்பது வருடம் காத்திருந்த பாட்டு. கிட்டார் மட்டும் நீண்ட நேரம் தனியாக அழுதுவிட்டுத்தான் குரல் வரும். வாசித்து முடிந்த பிறகே அவனுக்குக் கோல் எடுத்து, போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றேன், கை மரத்துப்போகும்வரை.

"கேட்டிச்சா?"

"பாட்டுக் கேட்டிச்சு. என்ட பேர் சொன்னானா?"

"ஓம்."

"வாப்பாட பேரும்?"

"ஓம் மச்சான்."

பிறகு, "நாளைக்குப் போகாத. நீ சொன்னதே எனக்குப் போதும்," என்றான். அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்பது பஸ் பாதி தூரம் வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

நான்காம் இரவு போனேன். அவன் எழுதிய துண்டை, அவன் பெயரோடு, வாப்பாவின் பெயரோடு கொடுத்தேன். யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்கவில்லை. அன்று கடைசி நாள். பந்தல் போட்டவர், ஜெனரேட்டர் தந்தவர் என்று நன்றி சொல்லியே நேரத்தை முடித்தார்கள். துண்டு ஒன்றும் வாசிக்கவில்லை. குழு கும்பிட்டுவிட்டு இறங்கிப்போனது. மேடைக்குக் கீழே துண்டுகள் மிதிபட்டுக் கிடந்தன. குனிந்து தேடினேன், கிடைக்கவில்லை. அவனுக்கு நான் கோல் எடுக்கவில்லை. அவனும் எடுக்கவில்லை.

இரண்டு கிழமை கழித்து, லுஹர் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால் அவன் மௌத்தாகிவிட்டான். நான் கடையில் இருந்தேன். செய்தி வந்து, கடைக் கதவை இழுத்து மூட எழும்பியபோது ஹாஜியார் வாசலில் நின்றார்.

"நீங்கதானே அவர்ட கூட்டாளி. முழுப்பேர், வாப்பாட பேர், எல்லாம் ஒரு துண்டுல எழுதித் தாங்க. ஜனாஸா அறிவிக்கணும்."

பில் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுதினேன். எழுத்துப் பிழை வந்துவிடக்கூடாது என்று இரண்டு முறை பார்த்தேன். அவர் அதை வாங்கிக்கொண்டு பள்ளிவாசலுக்குள் போனார்.

என் தலைக்கு மேலே ஒலிபெருக்கி கரகரத்தது. அவன் பெயர், வாப்பாவின் பெயர், ஊர், தெரு. மதுரங்குளிச் சந்தி முழுக்கக் கேட்கும்படி, நிறுத்தி நிறுத்தி, இரண்டு தரம் வாசித்தார்.