பின்சுவர்

சந்தில் அவனுக்குப் பெயர் கூலிங். ஏ.சி. மெக்கானிக்கை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? ஊரையெல்லாம் குளிரவைக்கிற கூலிங்கின் வீட்டில் ஒரே ஒரு ஜன்னல். அதைத் திறந்தால் முகத்தில் அனல் அடிக்கும். எதிரே அடுக்குமாடிக் குடியிருப்பின் பின்சுவர். சுவர் நெடுக ஏ.சி.யின் வெளிப்பெட்டிகள். வீட்டுக்குள் இருக்கிற சூட்டையெல்லாம் உறிஞ்சி வெளியே துப்புகிற பெட்டிகள். அவை துப்புவது இந்தச் சந்துக்குள்தான். அத்தனையையும் மாட்டியவனும் கூலிங்தான்.

"சொந்த வாசல்ல நெருப்பு வெச்சுட்டுக் கூலி வாங்குற ஒரே ஆளு நீதான்டா" என்பார் பக்கத்து வீட்டுத் தையல்காரர். முன்பெல்லாம் கூலிங்கும் சேர்ந்து சிரிப்பான்.

முன்பக்கம் பெட்டி வைத்தால் குடியிருப்பின் அழகு கெட்டுவிடுமாம். அதற்காகச் செம்புக் குழாயை அறை அறையாக இழுத்துப் பின்சுவருக்குக் கொண்டுவர வேண்டும். குழாய் நீண்டால் குளிர்ச்சி குறையும், கரண்டும் கூடும். சொன்னால் யார் காதில் விழுகிறது? வெயில் கூடக் கூட மேலே பெட்டிகள் கூடின. பெட்டிகள் கூடக் கூடக் கீழே சந்து வெந்தது. இந்தக் கோடையில் அவன் கைக்குழந்தையின் உடம்பெல்லாம் வேர்க்குரு வெடித்துப் புண்ணாகிவிட்டது. இரண்டு நாளாகப் பால்கூடச் சரியாகக் குடிக்கவில்லை. "நல்ல காத்தோட்டமான இடத்துல வெச்சிருங்க" என்றார் டாக்டர். காற்றுக்கு எங்கே போவது?

மறுநாள் காலையில் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் அவனைக் கூப்பிட்டு அனுப்பினார். கூட்ட அரங்கின் வாசலில் பெரிய பேனர் கட்டிக்கொண்டிருந்தார்கள். 'கொதிக்கும் பூமியைக் காப்போம்' என்று பச்சை எழுத்தில் இருந்தது. பக்கத்தில் வரிசையாக மரக்கன்றுகள்.

"பெரிய ஆளுங்கள்லாம் பேச வராங்கப்பா. ஹால்ல உக்கார முடியல. ரெண்டு ஏ.சி. போட்டுரு" என்றார் செயலாளர்.

"பெட்டிய எங்க சார் வைக்கிறது?"

"இது என்ன கேள்வி? எப்பவும் போலப் பின்னாடிதான்."

"இந்தத் தடவ முன்னாடி வைப்போம் சார். போர்டிகோ பக்கம்."

"அங்க மனுஷங்க உக்காருவாங்கப்பா!"

"அப்ப பின்னாடி?"

"பின்னாடி யாரு இருக்கா?"

கூலிங் தோளில் இருந்த கருவிப் பையைத் தொப்பென்று கீழே போட்டான். "நான் இருக்கேன் சார். என் பொண்டாட்டி இருக்கா, புள்ள இருக்கு. வெந்துட்டு இருக்கோம்."

செயலாளர் ஒரு மரக்கன்றை எடுத்து நீட்டினார். "கோவப்படாத. இத உங்க சந்துல நட்டு வை. நிழல் தரும்."

செருப்பு விட இடமில்லாத சந்தில் மரமாம்! வாய் வரை வந்த கெட்ட வார்த்தையை விழுங்கிக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

மத்தியானம் மச்சான் வந்தான். மனைவியின் அண்ணன், அவனும் அதே தொழில்தான். நீள ஏணி இருவருக்கும் பொது, இருப்பது கூலிங் வீட்டில்.

"மாப்ள, ஏணி வேணும்."

"எதுக்கு?"

மச்சான் தரையைப் பார்த்தான். செயலாளர் அந்த வேலையை இவனிடம் கொடுத்துவிட்டார் என்று கூலிங்குக்குப் புரிந்துவிட்டது. "த்தூ! வெக்கமா இல்ல உனக்கு?"

"நான் போகலேன்னா இன்னொருத்தன் போகப் போறான். என் வீட்ல மட்டும் அடுப்பு எரிய வேணாமா?"

இருவரும் கத்திய கத்தலில் சந்தே கூடிவிட்டது. கூலிங்கின் மனைவி வந்து குழந்தையை அண்ணன் கையில் கொடுத்தாள். அனலாய்க் கொதித்த அந்த உடம்பு கையில் பட்டதும் மச்சான் அதன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான்.

"ஏணிய எங்கண்ணே ஊன்றுவ?" என்று கேட்டாள்.

அவன் சுவரையும் தரையையும் பார்த்தான். சுவரில் ஏற வேறு வழி கிடையாது. இந்த வாசலில் ஊன்றினால்தான் உண்டு.

"இங்கதான? நீ இல்ல, யாரு வந்தாலும் இங்கதான?"

உள்ளே போய் இரும்புக் கட்டிலைத் தரதரவென்று இழுத்துவந்து ஏணி ஊன்றும் இடத்தை அடைத்துச் சுவரை ஒட்டிப் போட்டாள். தையல்காரர் தன் மிஷினைத் தூக்கி வந்து பக்கத்தில் வைத்தார். சந்துக்காரர்கள் ஆளுக்கொரு பெஞ்சும் டிரம்முமாகக் கொண்டுவந்து போட்டு உட்கார்ந்தார்கள். கூலிங்குக்கு இப்போது தன் மேலேயே கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை வருஷமாக இதே இடத்தில் ஏணியை ஊன்றியவன் அவன்தானே! ஒரு தடவையாவது இது தோன்றியதா இந்த மண்டையில்?

மச்சானிடமிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தான். மச்சானும் கொஞ்சம் தயங்கிவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தான்.

மேலே ஒரு ஜன்னல் திறந்தது. "என்னப்பா இது? வேலைய ஆரம்பிக்காம எல்லாரும் இங்க உக்காந்தா எப்படி?" என்று கத்தினார் செயலாளர்.

கூலிங் அண்ணாந்து பார்த்தான்.

"பின்னாடி யாரும் இல்லன்னீங்களே சார். இப்ப யார்கிட்ட பேசறீங்க?"