நான் சொல்லாமல் விட்ட வாக்கியம்

திருகோணமலைக் கரையில் பீரங்கிக் காவலுக்கு நின்ற அண்ணை லீவில் இணுவிலுக்கு வந்திருந்தார். லீவு முடிந்து நான்கு நாளாகியும் அவர் திரும்பவில்லை. அங்கே ஜப்பான்காரரின் குண்டுவீச்சைக் கண்டபின் அவருக்குச் சரியான உறக்கமில்லை, எங்களுக்கும் இல்லை. அம்மா காரணம் கேட்காமல் குரக்கன் பிட்டைப் பரிமாறினார்.

நான் அருகிலிருந்து, பரீட்சைக்காக உரோமப் படைகளைப் பற்றிய ஆங்கில நூலொன்றைப் படித்துக்கொண்டிருந்தேன்.

"காவலை விட்டிட்டுப் போனவனை உவங்கள் என்ன செய்வாங்கள், பிள்ளை?" என்று அண்ணை நூலைக் காட்டிக் கேட்டார்.

"கூட நிண்டவங்களே தடியாலையும் கல்லாலையும் அடிப்பாங்கள்."

"எங்கடை சார்ஜன்ற் பரவாயில்லை, வாயாலை மட்டுந்தான் அடிப்பான். தப்பினவன்?"

அடுத்த வாக்கியத்தில் விடை இருந்தது: உயிர் தப்பியவன் ஊர் திரும்ப முடியாது, உறவினர் எவரும் அவனை வீட்டில் ஏற்கத் துணியார்.

"அதைப் பற்றி ஒண்டும் எழுதேல்லை, அண்ணை."

அவர் இடக்கையால் நூலை வாங்கி, அந்தப் பக்கத்தை நிதானமாகப் படித்தார்.

"அம்மா, நாளைக்கு நான் வெளிக்கிடுறன். என்ரை காக்கிச் சட்டை எங்கை?"

"அது இன்னும் காயேல்லை, தம்பி."

சட்டை காய்ந்து மூன்று நாளாகியிருந்தது. அண்ணை கை கழுவி, முற்றத்துக் கொடியிலிருந்து அதைத் தாமே எடுத்து வந்தார்.