நகுலேஸ்வரி புகை விட்ட கதை

நகுலேஸ்வரி சிகரெட் பத்தத் தொடங்கியது பாரிஸில். ஊரிலிருந்து வந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. நகரத்தின் ஓரத்தில் இருந்த ஒரு ஹோட்டலில் அறை துப்புரவாக்கும் வேலை. கட்டில் விரிப்பு மாற்றி, குளியலறை தேய்த்து, அடுத்த அறைக்கு ஓடவேண்டும். உட்காரக் கூடாது. ஆனால் மேற்பார்வைக்காரி தானும் புகைக்கிறவள் என்பதால், சிகரெட் பத்துகிறவர்களை மட்டும் பின்கதவால் வெளியே போய் ஐந்து நிமிடம் நிற்க விடுவாள். பத்தாதவர்களுக்கு அந்த ஐந்து நிமிடம் கிடையாது. முதுகு விண்விண்ணென்று வலித்த ஒரு நாள், கூட வேலைசெய்த அல்ஜீரியப் பெண் ஒரு சிகரெட்டை நீட்டி, சும்மா கையில் பிடித்துக்கொண்டு நில் என்றாள். சும்மா பிடித்துக்கொண்டு நின்றது ஒரு கிழமைதான்.

லண்டனுக்கு மாறி, அதன் கிழக்கே பார்க்கிங் என்ற ஊரில் குடியேறிய பிறகும் அது அவளோடு வந்தது. வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அதற்காக அவள் பெரிய கெட்டித்தனம் ஒன்றும் செய்யவில்லை. கணவர் சந்திரகுமார் நாளுக்கு ஒரு பெட்டி ஊதித் தள்ளுகிறவர். திரைச்சீலை, சோபா, அவருடைய ஜக்கெட், அவளுடைய உடுப்பு எல்லாம் ஒரே மணம். அந்த மணத்துக்குள் அவளுடைய மணம் பத்திரமாக இருந்தது. அவர் கோயில் திருவிழாவிலும் வீதியோரம் நின்று பத்துவார். ஒருவரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். அதே இடத்தில் அவள் நின்றிருந்தால் கதை மகளின் கலியாணப் பேச்சு வரைக்கும் போயிருக்கும்.

ஆஸ்பத்திரித் துணிகள் தோய்க்கும் ஒரு பெரிய லோண்டரியில் அவளுக்கு வேலை கிடைத்தது. அங்கேதான் கிளறிற்றாவைக் கண்டாள். யாழ்ப்பாணத்துப் பாசையூர்க்காரி, நகுலேஸ்வரியைவிட நாலைந்து வயது மூத்தவள், கழுத்தில் சின்னச் சிலுவை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் கையும் களவுமாகப் பிடித்தது லோண்டரிக்குப் பின்னால், நீராவிக் குழாய் சுவரிலிருந்து வெளியே வரும் இடத்தில். நகுலேஸ்வரி மூலை திரும்பினாள். கிளறிற்றா வாயில் சிகரெட்டோடு நின்றாள். இரண்டு பேருக்கும் முகம் வெளிறிவிட்டது. பிறகு கிளறிற்றாவின் கண் நகுலேஸ்வரியின் கைக்குப் போனது. அங்கே லைட்டர்.

"அட, நீயுமோ?" என்று கேட்டு அவள் சிரித்த சிரிப்பில் புகை மூக்கால் வந்து இருமலாகிவிட்டது.

"அக்கா, ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ."

"விசரி. உன்னைச் சொன்னால் என்னையுமெல்லோ சொல்லவேணும்."

அன்றிலிருந்து அந்தச் சுவரோரம் அவர்களுடையதாக இருந்தது. சூட்டுக்காகக் குழாயில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நிற்பார்கள். கிளறிற்றா மனேஜரைப் போல நடந்து காட்டுவாள், பூசையில் பாதிரியார் தொண்டையைச் செருமுவதைச் செய்து காட்டுவாள். நகுலேஸ்வரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். வீட்டில் அவள் அப்படிச் சிரித்ததை யாரும் கண்டதில்லை. பிள்ளைகளின் படிப்பு, மாதவிடாய் நின்ற நாட்களின் வேர்வை, போரில் செத்த தம்பிமார் என்று எந்தக் கதையும் அங்கே தடைப்பட்டதில்லை. இப்படியே பல வருடங்கள் போயின.

பிறகு சந்திரகுமாருக்கு நெஞ்சு நோவு வந்தது. மாரடைப்பு இல்லை என்றாலும் டொக்டர் நன்றாகப் பயமுறுத்திவிட்டார். கவுன்சிலின் புகை நிறுத்தும் சேவைக்குப் போகச் சொன்னார்கள். அவர்கள் வேப் என்ற மின்சிகரெட் ஒன்றைக் கொடுத்தார்கள். முதலில், இதென்ன பீப்பீயோ என்று நக்கலடித்தவர், அதையே இழுத்து இழுத்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சிகரெட்டை முற்றாக விட்டுவிட்டார். மகள் ஜதுர்ஷிகா கேக் வெட்டினாள். கோயிலில் ஆட்கள் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். நகுலேஸ்வரி திரைச்சீலைகளைக் கழற்றித் தோய்த்தாள். சுவருக்குப் புதுப் பெயின்ற் அடித்தார்கள்.

பெயின்ற் மணம் போன கிழமை, வேலையால் வந்து கதவடியில் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தவளை அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நகுலா, உன்ர கோட்டில சிகரெட் மணக்குதே."

"வேலையில எல்லாரும் பத்துறாங்கள். பக்கத்தில நிண்டால் மணக்கும்தானே."

"கிட்ட நிக்காதை. அதுவும் கூடாதாம்."

அக்கறையோடுதான் சொன்னார். அவள் கோட்டைக் கழற்றி நேரே தோய்க்கப் போட்டாள். அடுத்த நாள் குழாயடியில் விஷயத்தைச் சொன்னாள். கிளறிற்றா சிரிக்கவில்லை.

"என்ர மனுசனும் குறைச்சுக்கொண்டு வாறார். எனக்கும் இதே கதிதான் வரப்போகுது. நாங்களும் விடுவமடி."

"ஏலுமோ அக்கா?"

"உன்ர மனுசனுக்கு ஏலுமெண்டால் எங்களுக்கு ஏலாதோ?"

இரண்டு பேரும் பார்க்கிங் சந்தைப் பக்கம் ஒரு வேப் கடைக்குப் போனார்கள். தாடி வைத்த வங்காளி முதலாளி இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, பிள்ளைகளிடம் பறித்த வேப்பைத் திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, சிறுவர்களுக்குத் தான் விற்பதே இல்லை என்று கையெடுத்துக் கும்பிட்டார். கிளறிற்றா தன் அரைகுறை ஆங்கிலத்தில், கணவருக்கு வாங்க வந்தோம், இரண்டு கணவர்களுக்கு, என்றாள். அவர் ஆறுதலாக விளங்கப்படுத்தினார்: சிகரெட்டைப் போல வெடுக்கென்று இழுக்கக் கூடாது, மெதுவாக இழுக்கவேண்டும்; முதலில் நிக்கொற்றின் கூடினது எடுத்து, பிறகு படிப்படியாகக் குறைக்கலாம். கிளறிற்றா மாம்பழ வாசம் எடுத்தாள். நகுலேஸ்வரி புதினா எடுத்தாள். சந்திரகுமார் பாவிப்பதும் அதுதான்.

சுலபமாக இருக்கவில்லை. நகுலேஸ்வரிக்குத் தொண்டை வறண்டது; ஒன்றுமில்லாததுக்கெல்லாம் மகளோடு எரிந்து விழுந்தாள். ஒரு நாள் கிளறிற்றா கள்ளமாக ஒரு சிகரெட் பத்திவிட்டு, பாவசங்கீர்த்தனம் சொல்வது போலத் தலையைக் குனிந்துகொண்டு வந்து நின்றாள். "சரி, நாளைக்குத் தொடங்கு" என்று நகுலேஸ்வரி அவள் தலையில் தொட்டு மன்னித்தாள். ஒருத்தி சோர்ந்தால் மற்றவள் இழுத்துப் பிடித்தாள். அப்படி, கோடை முடிவதற்குள் இரண்டு பேரும் சிகரெட்டை விட்டுவிட்டார்கள். அவர்களுக்குக் கேக் வெட்ட ஆளில்லை. லோண்டரியில் காசு போட்டால் தின்பண்டம் தரும் மெஷினில் ஒரு சொக்லேற் வாங்கிப் பாதியாக உடைத்துத் தின்றார்கள்.

கிளறிற்றாவின் இருமல் மட்டும் நிற்கவில்லை. புகையை விட்டால் கொஞ்ச நாளைக்குச் சளி கழலும் என்று யாரோ சொன்னார்கள். பிறகு, வேப் தொண்டைக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்தார்கள். மாரி தொடங்க, அவளுடைய மகள் மயூரா டொக்டரிடம் கூட்டிப்போனாள். மொழிபெயர்த்தது மகள்தான்.

"எப்பவாவது சிகரெட் பத்தினீங்களோ எண்டு கேக்கிறா அம்மா" என்று மயூரா சிரித்துக்கொண்டு கேட்டாளாம். கிளறிற்றாவும் சிரித்துக்கொண்டு இல்லை என்று தலையாட்டியிருக்கிறாள். மருந்து கொடுத்தார்கள். அது கேட்கவில்லை என்றதும் மூச்சு இழுப்புக்கு அடிக்கும் பம்ப் கொடுத்தார்கள்.

இதைக் கேட்டதும் நகுலேஸ்வரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அக்கா, உண்மையைச் சொன்னால்தானே அவையள் வடிவாப் பாப்பினம். தனியப் போய்ச் சொல்லுங்கோ. நான் வாறன் உங்களோட."

"மகளுக்கு முன்னால சொல்லச் சொல்லுறியோ?"

"மகளைக் கூட்டிப்போகாதேங்கோ."

"ஏன் கூட்டிப்போகேல்லை எண்டு அவள் கேப்பாள். விடு நகுலா. விட்டாச்சுத்தானே. விட்டதுக்குப் பிறகு ஏன் சொல்லவேணும்?"

நகுலேஸ்வரி அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. தானே மயூராவிடம் சொல்லிவிடலாமா என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை போனை எடுத்தாள், வைத்துவிட்டாள். கிளறிற்றாவைச் சொன்னால் தன்னையும் சொல்லவேண்டும்.

இருமலில் இரத்தம் வந்த பிறகுதான் படம் எடுத்தார்கள். நுரையீரலில் புற்றுநோய், ஈரலுக்கும் போயிருந்தது. முந்தி வந்திருந்தால் மாற்றியிருக்கலாமா என்று மயூரா கேட்டபோது, அதைத் திட்டமாகச் சொல்லமுடியாது என்றார்கள்.

கடைசியாக நகுலேஸ்வரி ஆஸ்பத்திரிக்குப் போனபோது கிளறிற்றா எலும்பும் தோலுமாகக் கிடந்தாள். கட்டில் விரிப்பின் ஓரத்தைப் பிடித்துப் பார்த்து, "இது நாங்கள் தோய்ச்சதோ?" என்று கேட்டாள். பிறகு கிட்ட வரச் சொல்லி, "நீ திரும்பத் தொடாதை, என்ன?" என்றாள். மகள் தண்ணீர்ப் போத்தலோடு உள்ளே வந்ததால் அந்தப் பேச்சு அத்தோடு நின்றுவிட்டது.

தேவாலயம் நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். ஒவ்வொருவரும் சொன்னது ஒன்றுதான்: ஒரு சிகரெட்டைத் தொட்டுப் பார்க்காத மனுசிக்கு ஏன் இப்படி வந்தது? கிளறிற்றாவின் கணவர் மரியநாயகம் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று நெஞ்சில் அடித்துக்கொண்டார்.

"நான்தான் கொன்றனான். என்ர புகைதான் அவளைக் கொன்றது."

அவரை நாலு பேர் பிடித்து இருத்தினார்கள். ஒருவரும் அதை மறுக்கவில்லை. மகள்கூடத் தகப்பனின் முகத்தைப் பார்க்கவில்லை. பின்வரிசையில் இருந்த நகுலேஸ்வரிக்கு எழும்பிச் சொல்லவேண்டும் போலிருந்தது. ஆனால் எழும்பவில்லை. அன்று வீட்டுக்குப் போகிற வழியில் ஒரு பெட்டி சிகரெட் வாங்கினாள். அந்தக் கிழமை முழுவதும் குழாயடியில் தனியாக நின்று பத்தினாள். தவறிவிட்டேன் என்று சொல்வதற்கு ஆளில்லை. நாளைக்குத் தொடங்கு என்று சொல்லவும் ஆளில்லை. பெட்டி முடிந்ததும் வேறு வாங்கவில்லை. பழையபடி புதினா வேப்புக்குத் திரும்பினாள்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து சாப்பாட்டுக்கு வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். மரியநாயகம் பின்வளவில் ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தார். தாடி வளர்ந்து, உடுப்பு தொளதொளத்தது. சாப்பாட்டுத் தட்டை மகள் அவருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு ஒரு சொல்லும் சொல்லாமல் போனாள். அதைக் கண்ட பிறகு நகுலேஸ்வரியால் பொறுக்க முடியவில்லை. போய்ப் பக்கத்தில் நின்றாள்.

"அண்ணை, உங்களாலதான் எண்டு நினைச்சு உங்களைப் போட்டு வதைக்காதேங்கோ. நானும் அக்காவும் வேலையில சேர்ந்து பத்தினனாங்கள். கனகாலம். பிறகு சேர்ந்துதான் விட்டனாங்கள்."

அவர் விளங்காதவர் போலப் பார்த்தார். பிறகு விளங்கியது. கதிரை பின்னால் விழ எழும்பினார்.

"உங்களோட சேர்ந்து அவ சிகரெட் பத்தினவ எண்டு செத்தவளில பழி போட வந்தனீங்களோ? என்ர மனுசியை எனக்குத் தெரியாதோ? வெளியால போங்கோ. இந்த வாசல் மிதிக்கக் கூடாது!"

சாப்பிட்டுக்கொண்டிருந்த எல்லாருக்கும் கேட்டது. சந்திரகுமாருக்கும் கேட்டது.

வீட்டுக்கு வந்து, கோட்டைக் கழற்றாமலே சோபாவில் இருந்தார்.

"உண்மையோ?"

"ஓம்."

"எப்ப தொடக்கம்?"

"பாரிஸில இருந்து."

கோபத்தில் கத்துவார் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். கத்தியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

"நான் விட்டதெண்டு கேக் வெட்டினீங்கள். நீயும் பக்கத்தில நிண்டு கை தட்டினனி" என்றார். "இத்தினை வருசமும் நான் ஆரோட இருந்தனான் நகுலா?"

அன்றிலிருந்து அவர் அவளோடு தேவையானதை மட்டும் பேசினார். பால் முடிஞ்சுது. நாளைக்குக் குப்பை எடுக்க வருவாங்கள். ஜதுர்ஷிகா பிந்தி வருவாளாம். மகள் மட்டும் ஒரு நாள் குசினியில் வந்து பின்னால் கட்டிப்பிடித்து, "யூ குட் ஹாவ் டோல்ட் மீ, அம்மா" என்றாள். சொல்லியிருக்கலாம்தான். கிளறிற்றாவும் மயூராவுக்குச் சொல்லியிருக்கலாம்.

மரியநாயகத்தின் போன் வந்தது வசந்தகாலத்தில். நகுலேஸ்வரி வேலை முடிந்து பஸ்ஸுக்காக நின்றாள்.

"தங்கச்சி, நான் மரியநாயகம். அண்டைக்குக் கதைச்சதுக்குக் குறை நினையாதேங்கோ. யோசிச்சுப் பாத்தனான். நீங்கள் பொய் சொல்லுற ஆள் இல்லை."

"பரவாயில்லை அண்ணை."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை அவ? என்னில பயமோ?"

"உங்களில மட்டும் இல்லை அண்ணை. எல்லாரிலயும்தான்."

மறுமுனையில் மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. அவர் அழுகிறார் என்று நினைத்தாள். ஆனால் திரும்பப் பேசியபோது குரல் நிதானமாக இருந்தது.

"நான் பின்வளவில நிண்டு பத்தேக்க, அவ குசினி வாசலில வந்து நிண்டு பாப்பா. மணம் பிடிக்காமல்தான் பாக்கிறா எண்டு நினைச்சு, நான் கதவை இழுத்துச் சாத்திப்போட்டு நிப்பன். எத்தினை தரம் சாத்தியிருப்பன் தங்கச்சி."

நகுலேஸ்வரி என்னவோ சொல்ல வாயெடுத்தாள். கோட்டுக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளுடைய பஸ் வந்து, கதவு திறந்து, ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. பஸ் தரிப்பில் நின்ற ஒரு வெள்ளைக்காரக் கிழவர், சுகமில்லையா என்று கேட்டார். அவள் போனைக் காதில் வைத்தபடியே ஒன்றுமில்லை என்று தலையாட்டினாள். மரியநாயகம் போனை வைக்கவில்லை, அவளும் வைக்கவில்லை.