ராசாத்தி விசர்க் குதிரை அல்ல

குதிரைக்குப் பைத்தியம் என்று பழி போட்டவன் நான்தான். பழுது சேணத்தில் இருந்தது. அது எனக்குத் தெரியும். தெரிந்தே ஒரு மாப்பிள்ளையை அதில் ஏற்றினேன்!

சண்டிலிப்பாய்ப் பக்கம் வந்து என்னைப் பற்றி விசாரித்துப் பாருங்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். கல்யாண வீடுகளில் ஆட்கள் உட்கார வாடகைக் கதிரைகளைத் தலையில் சுமந்து தொடங்கி, இன்று பந்தல், மணவறை, மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வெள்ளைக் குதிரை ராசாத்தி என்று எல்லாம் சொந்தமாக வைத்திருக்கிறேன். என்னை ஏமாற்ற ஒருவன் இனித்தான் பிறக்க வேண்டும்... இதையும் ஊர் முழுக்க நானே சொல்லித் திரிந்தேன். அதில்தான் மாட்டிக்கொண்டேன்.

சேணம் நுவரெலியாவில் வாங்கியது. பழையது. தோல் கிழிந்து, வார் ஒன்று அறுந்து கிடந்தது. அடிமாட்டு விலைக்கு அள்ளி வந்ததாக வாசலிலேயே பெருமையடித்தேன். என் மனைவி பாக்கியம் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அதைப் பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ, உதைத் திருத்தப் போறியளோ, இல்லாட்டி அடுப்புக்கு வைக்கட்டோ?"

"தோல்தானப்பா பழுது. நீர் சும்மா இரும்."

அவள் உள்ளே போனதும் சேணத்தின் ஒரு முனையை வயிற்றில் வைத்து, மறுமுனையைப் பிடித்து அமுக்கினேன். நல்ல சேணம் வளையாது. உள்ளே இருக்கும் மரச்சட்டம் விறைப்பாக நிற்கும். இதுவோ பழங்கட்டிலைப் போலக் கிறீச்சிட்டு நடுவில் மடிந்தது! சட்டம் போனால் சேணமே போயிற்று. தோலை எவ்வளவு தைத்தாலும் பயனில்லை. அதை அறியாதவனா நான்?

எறிந்திருக்கலாம். ஆனால் எறிந்தால் நான் ஏமாந்தவன் ஆகிவிடுவேனே! ஓட்டோவுக்குச் சீற் தைப்பவரிடம் கொண்டு போனேன்.

"உள்ளுக்கு ஒருக்காப் பிரிச்சுப் பாப்பமோ அண்ணை?"

"வேண்டாம் தம்பி. மேலாலை தைச்சு விடு. சிவப்பு றெக்சின் போடு."

அழகென்றால் அப்படி ஓர் அழகு!

சாவகச்சேரியில் கல்யாணம். மாப்பிள்ளை கனடாவில் நன்றாகச் சாப்பிட்டு வந்தவர். மண்டப வாசலில் மேளம் முழங்க, அவருக்குக் கீழே சேணம் கிறீச்சிட்டது. பிறகு அவர் மெதுவாக... மிக மெதுவாக... ஒரு பக்கம் சரிந்தார். முதலில் தலைப்பா உருண்டது. பட்டு வேட்டியோடு ராசாத்தியின் விலாவில் மூட்டை போலத் தொங்கினார். தவில்காரர் நிறுத்தவேயில்லை. கனடாவில் இப்படித்தான் இறங்குவார்களோ என்று நினைத்தாராம்!

ராசாத்தி? அவள் ஒரு கால் கூட எடுத்து வைக்கவில்லை. வைத்திருந்தால் மாப்பிள்ளை குளம்புக்குள் போயிருப்பார்.

எல்லோருடைய கண்ணும் உருண்ட தலைப்பாவில் இருந்தது. நான் பாய்ந்தேன். "தள்ளுங்கோ, தள்ளுங்கோ! குதிரைக்கு விசர் பிடிச்சிட்டுது!" என்று கத்திக்கொண்டே மாப்பிள்ளையை ஏந்தினேன்.

"ஐயா இல்லாட்டி என்ரை பிள்ளை போயிருப்பான்!" என்று மாப்பிள்ளையின் தாய் அழுதார். எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். போர்த்திக்கொண்டேன்!

ராசாத்தி அசையாமல் நின்றது வீடியோவில் இருந்தது. மானம் போகும் என்று அந்தத் தாயே அந்தத் துண்டை வெட்டச் சொல்லிவிட்டார். குதிரைக்கு இருந்த ஒரே சாட்சி! நானோ நிம்மதியாக மூச்சு விட்டேன்...

அதன் பிறகு எந்தக் கல்யாணத்துக்கும் ராசாத்தியைக் கேட்டு ஒருவரும் வந்ததில்லை. போன மாதம் வல்வெட்டித்துறையிலிருந்து ஒருவர் வந்தார், சேணத்துக்காக.

"நல்லாத் திருத்தியிருக்கிறியள் அண்ணை. எனக்குத் தாங்கோவன்."

கொடுத்தால் இன்னொருவன் விழுவான். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். "ராசியான சேணம் தம்பி, கைவிட மாட்டன்" என்றேன். பாக்கியம் குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஓம், ஓம்... அடுப்புக்கும் தரமாட்டார்" என்றாள்.

அவளுக்குத் தெரியுமோ? கேட்கப் பயம்!

காலையில் ராசாத்தியை வெறும் முதுகோடு நடத்திக்கொண்டு போகிறேன். சந்தியில் நிற்பவர்கள் விலகுகிறார்கள். "விசர்க் குதிரையடா. அவருக்கு மட்டுந்தான் அடங்கும்!"

அதைக் கேட்டதும் என் நெஞ்சு இன்றைக்கும் நிமிர்கிறது. உங்களிடம் இவ்வளவும் சொன்ன பிறகு, நாளைக்கும் நிமிரும்... ராசாத்தி என் தோளில் மூக்கை வைத்துக்கொண்டு பின்னால் வருகிறாள்.